ஜாய்ஸ்டிக் சரியில்ல மதினி

என் கொழுந்தனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படித்துவிட்டு அன்றைக்கே போன் போடுவார். "என்னையப் பத்தித் தப்புத் தப்பா எழுதிருக்கீங்க மதினி. ஆனா உங்க மேல குத்தமில்ல. பேனா சரியில்ல" என்பார். அந்த மனுசன் அப்படித்தான்.

நான் கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மேட்டுப்பட்டி வீட்டுக்குள் மாலையும் கழுத்துமாக நுழைகிறேன். என் வீட்டுக்காரரின் தம்பி, மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்ததும் காணாமல் போனவர், ஹாலில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேசட் சொருகி ஆடுகிற டிவி கேம். திரையில் ஒரு பொடி மனிதன் ஓடிவந்து குழியில் விழுந்தான். 'டொய்ங் டொய்ங்' என்று இறங்குமுகமாக ஒரு சோக இசை வந்தது. கையில் இருந்ததை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுப்பெண் என்றும் பாராமல் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "ஜாய்ஸ்டிக் சரியில்ல மதினி."

நான் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது, இந்த உலகத்தில் அவருக்கு எந்தச் சாமானும் சரியில்லை என்று.

பரீட்சையில் அரியர் விழுந்தால் பேனா சரியில்லை. கேரம் போர்டில் தோற்றால் பவுடர் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கப் போனவர் நடுவில் ஒரு வரியை முழுசாக விட்டுவிட்டார். வெளியே வந்ததும் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கேட்டார், "என்னப்பு, ஒரு வரியை முழுங்கிட்டியே?" இவர் கொஞ்சமும் கூசாமல், "நான் வாசிச்சேன். மைக்குதான் அந்த வரியை விட்டுருச்சு" என்றார். உபதேசியார் மைக்கையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெறுமனே சொல்லிவிட்டுப் போகிற ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிரூபிக்க வேண்டும் என்பார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. "மாத்திப் புடிச்சுப் பாப்போம்." உன் சாமானை எனக்குக் கொடு, என் சாமானை நீ வாங்கிக்கொள், அப்போது தெரிந்துவிடும் குற்றம் கையிலா கருவியிலா என்று. டிவி கேமில் இரண்டு பேர் ஆடும்போது பிடித்த பழக்கம் அது. பிறகு வாழ்க்கை முழுவதற்கும் அதையே வைத்துக்கொண்டார்.

ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு மொபெட்டில் கன்னிவாடிக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்து முதல் சோறு முடித்த பிறகுதான் தம்பி வந்து சேர்ந்தார். வண்டி சரியில்லையாம். திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டார்கள். அப்போதும் இவர் வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

"இப்ப என்னலே சொல்ற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரோடு சரியில்லண்ணே."

"நானும் அதே ரோட்டுலதான வந்தேன்?"

"நீ வந்தப்ப நல்லா இருந்துருக்கும்."

என் வீட்டுக்காரர் சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவரால் இந்த ஒருத்தரைச் சமாளிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் குணத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டியதில்லை. தனக்கு வாங்குகிற வக்காலத்தை ஊருக்கே வாங்குவார். கல்யாணமான புதிதில் நான் ஒருநாள் குக்கர் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். வீடெல்லாம் தீய்ந்த வாடை. மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இவர் எங்கிருந்தோ வந்து குக்கர் மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாசர் போயிருச்சும்மா. இதுல யாரு வச்சாலும் தீயத்தான் செய்யும்" என்றார். மாமியார் திரும்பிப் போனார்கள். வாசர் போன வாரம்தான் மாற்றியது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடியை உடைத்தால் பந்து சரியில்லை. பால்காரர் பாலைக் கொட்டினால் கேனின் கைப்பிடி சரியில்லை. எந்த மனுசன் மீதும் அவர் குற்றம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

படிப்பு ஒருவழியாக முடிந்து, நூல் மில் ஆபீசில் கணக்கு வேலையும் கிடைத்தது. அடுத்த காரியமாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். மில் கணக்கைப் பழகத்தான் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தார். நண்பன் ஒருவன் ஒரு சிடி கொடுத்தான். அதில் பழைய டிவி கேம் அத்தனையும் இருந்தன. கேசட்டே வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே ஓடும். அந்தப் பொடி மனிதன் மறுபடியும் எங்கள் வீட்டுக்குள் குதித்து வந்தான், அதே குழியில் விழுந்தான்.

"கீபோர்டு சரியில்ல மதினி. ஓடிக்கிட்டே தாவிக்கிட்டே சுடணும்னா மூணு கீயச் சேத்து அமுக்கணும். அமுக்குனா இது ஒண்ண முழுங்கிருது."

"மைக்கு வரிய முழுங்குன மாதிரியா?" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று தொடங்கியது தேடல். கம்ப்யூட்டரில் பழைய விளையாட்டு ஆடுவதற்கு ஏற்ற ஜாய்ஸ்டிக் எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு மனிதன் இரண்டு வருஷம் அலைந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் வாங்கியது இரண்டு பக்கமும் கொம்பு மாதிரிப் பிடியும், மேலே இரண்டு குச்சியும் வைத்தது. பார்க்க அழகு. "இந்தக் குச்சியெல்லாம் புது வெளையாட்டுக்கு மதினி. பழசுக்குத் தெசை காட்டுற ப்ளஸ் பட்டன்தான் உசுரு" என்று ஒதுக்கினார். அடுத்ததில் ப்ளஸ் பட்டன் நாலு துண்டாக இருந்தது. கட்டைவிரல் மேலிருந்து பக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போகவில்லையாம். மூன்றாவது, பழைய டிவி கேமின் ஜாய்ஸ்டிக்கையே ஒரு வயரை வைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டியது. அதில் அமுக்கினால் அந்தப் பொடியன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாவுகிறானாம். அவன் யோசித்து முடிப்பதற்குள் குழி வந்துவிடும். மேஜை டிராயர் முழுக்க ஜாய்ஸ்டிக் சேர்ந்து, வயரெல்லாம் பின்னிக் கிடந்தது. என் மகள் பாப்பா அதில் ஒன்றை எடுத்து, எதிலும் மாட்டாமலே, சித்தப்பா மடியில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருப்பாள். தான்தான் ஆடுகிறோம் என்று நினைப்பு. பொடியன் விழுந்தால் "சித்தப்பா, ஜாய்ஸ்டிக் சரியில்ல" என்பாள். மூன்று வயதில் பிள்ளை கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் அது.

ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் என்னையும் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனார். "செத்த நேரம் மதினி" என்றார். முருங்கைக்காய்ப் பையோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் நாலைந்து அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். என் கொழுந்தன் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் மாட்டி, திரையில் ஒரு சின்னக் கட்டத்தை வரவழைத்தார். கட்டத்துக்கு நடுவில் ஒரு கூட்டல் குறி. ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் குறியையே பார்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"நம்ம ஒண்ணும் செய்யாம இருக்கும்போது அதுவா ஏதாச்சும் செய்யிதான்னு பாக்குறேன் மதினி. ஆள் தொடாமயே குறி நகந்துச்சுன்னா அது சாமானோட கோளாறு. ஆளு மேல பழி விழுகக் கூடாதுல்ல?"

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏப்பு, சாமான் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். ஒன்றும் வாங்காமலே வந்தோம். முருங்கைக்காய் வாடிப்போனது.

பாப்பாவுக்கு நாலு வயது நடக்கும்போது எல்கேஜியில் சேர்த்திருந்தோம். பழைய மிஸ் பிரசவத்துக்கு லீவில் போய், நடு வருஷத்தில் புது மிஸ் வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பாப்பா கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குதும்மா. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டும் பாக்கல. எதுக்கும் காது டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்களேன்."

சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் டவுனில் ஒரு காது பரிசோதனை இடத்துக்குக் கூட்டிப் போனோம். மாடியில் ஒரு சின்ன அறை. பாப்பாவின் தலையில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டினார்கள். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். வலது காதுக்கு டக் டக்கென்று போட்டாள். இடது காதுக்கு மாற்றியதும் கையில் பாசியை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். டெஸ்ட் எடுத்த பையன் மெசினில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். பாசி விழவே இல்லை. பிள்ளைக்கு இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, திங்கட்கிழமை வாருங்கள், ரிப்போர்ட்டும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் தருகிறோம் என்றான். சரியாகுமா என்று கேட்டேன். "இம்புட்டு இருந்தா கஷ்டம்தான்கா" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட்டார்கள் என்றால் பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. பாப்பா பொம்மை போனை வலது காதில்தானே வைக்கிறாள்? இடது பக்கம் படுத்தவளைக் கூப்பிட்டால் எழுந்திருக்க நேரமாகிறதே? அவளது வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதில் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "கூசுதும்மா" என்று சிரித்துக்கொண்டு ஓடினாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர், "கையால பொத்துனாலும் வலது காதுக்குக் கேக்கத்தான் செய்யும்னு அந்தப் பையன் சொன்னானே" என்று மெல்லிய குரலில் சொன்னார். வந்த உயிர் போய்விட்டது. அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் என்ன வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

என் கொழுந்தன் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெசினு சரியில்ல மதினி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தையே பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். பிள்ளை காதும் இவருக்கு ஜாய்ஸ்டிக்காகிவிட்டதா?

திங்கட்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, லீவு கிடைக்கவில்லை. இவர்தான் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார். வழி முழுக்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். மாடிக்குப் போனோம். அந்தப் பையன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். இவர் அதை வாங்கவில்லை.

"தம்பி, இன்னொரு தடவை டெஸ்ட் எடுங்க. ஆனா ஹெட்போனை மாத்தி மாட்டுங்க. செவப்பை இடது காதுல, நீலத்தை வலது காதுல."

"அப்படியெல்லாம் மாட்டக் கூடாது சார். மெசினு பொய் சொல்லாது."

"பொய் சொல்லலைன்னா மாத்துனாலும் உண்மையத்தான சொல்லும்?"

எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. "தம்பி, போதும் விடுங்க. இது உங்க வெளையாட்டு இல்ல" என்றேன் கொழுந்தனிடம். அதுவரை என் பேச்சை ஒருநாளும் தட்டாத மனுசன் அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவை" என்று அந்தப் பையனிடம் கெஞ்சினார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். மூத்தவர்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாட்டித்தான் பாரேன்ப்பா" என்றார்கள்.

மாற்றி மாட்டினான். முதலில் சிவப்பு, பாப்பாவின் இடது காதில். பாசி விழுந்தது. இன்னொரு பாசி விழுந்தது. கேட்கவே கேட்காது என்று சொன்ன காதுக்குப் பாசி டக் டக்கென்று விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நீலம், வலது காதில். பாப்பா கையில் பாசியை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மேடம் வேகமாக வந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு நீலப் பக்கத்து வயரை ஆட்டினார்கள். முகம் மாறிவிட்டது. "வயர் உள்ளுக்குள்ள விட்டுருக்கு. ஆட்டுனா வருது, போகுது" என்றார்கள். வேறு ஹெட்போன் கொண்டுவந்து முதலிலிருந்து எடுத்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு பாப்பாவிடம் குனிந்து, "அப்பறம் ஏண்டா கண்ணு, மிஸ் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குற?" என்றார்கள்.

"மிஸ் என்னயக் கூப்பிடவே இல்ல. ஜெசிந்தாவத்தான் கூப்பிட்டாங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் மரிய ஜெசிந்தா. பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் கொடுத்திருந்தோம். ஆனால் வீட்டில், தெருவில், பழைய மிஸ்கூட, யாரும் அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து அவள் பாப்பாதான். ஜெசிந்தா என்பது வகுப்பில் வேறு யாரோ ஒரு முரட்டுப் பிள்ளை, எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாதவள் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பேரு சரியில்ல மதினி" என்றார் இவர். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு உடம்பில் எடையே இல்லை.

பாதிப் படியில் இவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி?"

"மதினி, நான் சும்மா பழக்கத்துலதான் சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. கோளாறு பாப்பா மேல இருந்தா என்ன செய்யிறது? அது சாமானா, மாத்துறதுக்கு?" சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசத்துல நான் சொன்னதுல இது ஒண்ணுதான் நெசம்."

பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கொழுந்தனைக் கும்பிட முடியுமா? "எந்திரிங்க, முகத்தக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அதே கம்ப்யூட்டர் கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இந்த முறை கட்டமும் இல்லை, கூட்டல் குறியும் இல்லை. பெட்டியைப் பிரிக்கப் போன கடைக்காரரைத் தடுத்து, "ப்ளஸ் பட்டன் வச்சது, ரெண்டு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடைக்காரர் வாசல் வரை வந்து ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் மாட்டினார்கள். பாப்பாவுக்கு முதல்முறையாக நிஜமாகவே கம்ப்யூட்டரில் மாட்டிய ஜாய்ஸ்டிக். நான் அடுப்படியில் இருந்தேன். அந்தச் சோக இசை வந்தது. பழக்கதோஷத்தில், "சரியில்ல மதினி" என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடியும் இசை, மறுபடியும் பாப்பாவின் கைதட்டல், இவரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்து எழுந்து போனேன்.

திரையில் இவருடைய பொடியன் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கட்டைவிரலால் எவ்வளவு அமுக்கினாலும் தாவவில்லை. நான் குனிந்து அவர் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கிப் பார்த்தேன். தாவுகிற பட்டன் உள்ளே போய்ச் சிக்கி, மேலே வரவே இல்லை. பிரித்த அன்றைக்கே பழுது. இரண்டு வருஷத் தேடலில் சந்தேகமில்லாமல் கெட்டுப்போன ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது.

"தம்பி," என்றேன் மெதுவாக, "இது நெசமாவே சரியில்ல."

அவர் உதட்டில் விரல் வைத்தார். "தெரியும் மதினி. பேசாம இருங்க. பாப்பா செயிக்கிது. அதுக்குக் கேட்டுரப் போவுது."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பாப்பா சொன்னாள், "எனக்குக் கேட்டுருச்சு."

எங்கள் பக்கம் இருந்தது அவளுடைய இடது காது.